ஆண்டுக்கு அரை சென்டிமீட்டர்

வன அமைச்சகத்திலிருந்து காட்டுத் திட்டம் நாலாவது தடவையாகத் திரும்பி வந்தபோது சிடோனி அம்போமுக்குக் கோபம்கூட வரவில்லை. முதல் தடவை கழிப்பறைக்குள் போய் அழுதிருந்தாள். அடுத்த தடவை பஸ் ஏறித் தலைநகர் யவுண்டேவுக்கே போய் அதிகாரியோடு சண்டை போட்டாள். மூன்றாம் முறை மேசையில் ஓங்கி ஒரு குத்து விட்டதில் மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். இந்த முறை உறையைப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே யோகாதுமா ஊரின் செம்மண் சாலை மழையில் கூழாகிக் கிடந்தது. மரம் ஏற்றிய லாரி ஒன்று சேற்றில் சிக்கி உறுமிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி நின்ற ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தள்ளத்தான் ஆள் இல்லை.

மரக் கம்பெனியின் காட்டுத் திட்டப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. அந்தப் பிரிவில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த காட்டில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு வண்டியில் போனாலே ஒரு பகல் கழிந்துவிடும். அந்தக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். ஒரு துண்டில் ஒருமுறை மரம் வெட்டினால் முப்பது வருடத்துக்கு அங்கே கோடரி போகக் கூடாது. திரும்பிப் போகும்போது, வெட்டியதில் பாதியாவது மறுபடி வளர்ந்து நிற்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான். முப்பது வருடம் கழித்து என்ன நிற்கும் என்று இன்றைக்கு எப்படிச் சொல்வது? அதற்குத்தான் அவள் கணினியில் ஒரு மென்பொருள். எந்த மரம், எவ்வளவு பருமன், வருடத்துக்கு எவ்வளவு பெருக்கும், நூறில் எத்தனை செத்துப்போகும் என்று அதற்குள் போட்டுவிட்டால், அது திரைக்குள்ளேயே காட்டை வளர்த்து, சாகடித்து, வெட்டி, மறுபடி வளர்த்துக் காட்டிவிடும்.

கம்பெனிக்குச் சோறு போடுவது சப்பெல்லி மரம். சிவந்த மரம், சீமைக்குக் கப்பல் ஏறும் மரம். போன தடவை எல்லா மரங்களையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி காட்டியிருந்தார்கள். அது டைரக்டர் சொன்ன யோசனை. 'சப்பெல்லிக்குத் தனியாகக் காட்டவும்' என்று இப்போது சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்கள். 'மசெம்பே கிராமத்தாரின் கருத்தையும் இணைக்கவும்.'

தனியாகப் போட்டால் என்ன வரும் என்று சிடோனிக்கு முன்பே தெரியும். நூறு சப்பெல்லியை வெட்டினால் முப்பது வருடத்தில் நாற்பத்தொன்றுதான் திரும்பி வரும்.

டைரக்டர் நூபிசி அந்த எண்ணைத் திரையில் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது. வருடக் கணக்கில் சரியாகத் தூங்காதவர்.

"மரம் வருசத்துக்கு எவ்வளவு பெருக்குதுன்னு போட்டிருக்கீங்க மேடம்?"

"அரை சென்டிமீட்டர்."

"முக்கால் போட்டுப் பாருங்க."

"சார், அது ஆராய்ச்சித் தோப்புல வருசக்கணக்கா அளந்து சொன்ன கணக்கு."

"அந்தத் தோப்பு வேற மண்ணு. நம்ம மண்ணு நல்ல மண்ணு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "கால் சென்டிமீட்டர் கூடப் போட்டா மரம் வந்து சாட்சி சொல்லவா போகுது? யோசிங்க. இந்தத் தடவையும் திரும்பி வந்துச்சுன்னா என்னைத் தூக்கிடுவாங்க. என் சீட்டுல வர்றவன் உங்ககிட்ட இப்படிக் கேட்டுக்கிட்டு நிக்க மாட்டான்."

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அதுதான் சிடோனியை அயர வைத்தது.

மறுநாள் அவள் மசெம்பேக்குப் போனாள். முதல் ஐந்து வருடம் வெட்டப்போகும் துண்டு அந்த ஊரை ஒட்டித்தான் வருகிறது. சாலைச் செலவைக் குறைத்துப் பார்த்து மென்பொருள் அப்படி வரிசை போட்டிருந்தது. ஊருக்குப் போகும் வழியில் இரண்டு இடத்தில் இறங்கி வண்டியைத் தள்ள வேண்டியிருந்தது. முழங்கால் வரை சேற்றோடு போய் இறங்கினாள்.

கூட்டக் கொட்டகையில் பெண்கள் காட்டு மாங்கொட்டைகளைக் குவித்துப் போட்டு, வெட்டுக்கத்தியால் பிளந்து பருப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவள் பெலாஜி. அந்த ஊர்ப் பெண்கள் சங்கத்தின் தலைவி. அகன்ற தோள், கரகரத்த குரல். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீங்க எந்த ஆபீசு?"

"மரக் கம்பெனிம்மா."

"போன மாசம் வந்தவங்க?"

"அவங்க வேற. கொரில்லாவைக் காப்பாத்துறவங்க."

"அதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு வந்துச்சு. ராத்திரி எல்லாம் கொசு கடிச்சு அழுதுச்சு. அது?"

"அது யாருன்னு எனக்குத் தெரியாது."

"எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேட்டாங்க. நாங்களும் ஒரே பதிலத்தான் சொன்னோம். போயி அவங்ககிட்ட வாங்கிக்குங்க." கத்தி ஒரு கொட்டையை இரண்டாகப் பிளந்தது. "எங்களுக்கு வாய் வலிக்குது."

சிடோனி ஒரு கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வழக்கமாக இந்த இடத்தில் சொல்ல அவளிடம் ஒரு பேச்சு உண்டு. உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று தொடங்குவது. அதைச் சொல்ல அன்றைக்கு நாக்கு எழவில்லை.

"எனக்கும் கால் வலிக்குதும்மா," என்றாள். "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போறேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவர்கள் கொட்டை பிளந்தார்கள். மழை தூறிவிட்டு நின்றது. ஒருத்தி அவளுக்கு வேகவைத்த வாழைக்காயும் வேர்க்கடலைக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அவள் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டபோது பெலாஜியே கேட்டாள்.

"ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சப்பெல்லி எல்லாம் வெட்டப்போறீங்களாமே?"

"பெரிய மரம் எல்லாம்."

"பெரிய மரத்துலதானே புழு விழுது?"

சப்பெல்லி இலையைத் தின்று வளரும் புழு மழைக்காலத்தின் நடுவில் கொத்துக் கொத்தாகக் கீழே விழும். ஊரே கூடை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்க் குடிசை போட்டுத் தங்கும். தின்றது போக, காயவைத்து விற்றால் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஆகும். சிடோனியும் தின்று வளர்ந்தவள்தான். ஆனால் மென்பொருளில் புழுவுக்கு என்று ஒரு கட்டம் கிடையாது.

அப்போது எஸ்தெல் என்ற இளம்பெண் குறுக்கே பேசினாள். இடுப்பில் கைக்குழந்தை.

"புழு வருசத்துல ஒரு மாசம். கம்பெனி ரோடு போட்டா வருசம் பூரா ஆஸ்பத்திரிக்குப் போலாம். எனக்கு ரோடுதான் வேணும். அதையும் எழுதிக்குங்க அக்கா."

"ரோடு வந்தா உன் புருசன் அதுலதான் ஓடிப்போவான்," என்றாள் பெலாஜி.

"போகட்டும். திரும்பி வரவும் அதே ரோடு இருக்குமில்ல."

பெண்கள் சிரித்தார்கள். சிடோனியும் சிரித்துவிட்டாள். பிறகு அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் மூண்டது. ரோடு, புழு, வேலை, கிளினிக். பெலாஜியின் மருமகனே கம்பெனியின் மரம் வெட்டும் குழுவில் இருந்தான். 'அவனுக்கும் வேலை வேணும், எனக்கும் மரம் வேணும். ரெண்டையும் கேட்டா நான் பேராசைக்காரியா?' என்று பெலாஜி எல்லோரையும் பார்த்துக் கேட்டாள். சிடோனி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். ஓடையை ஒட்டி எந்த இடம் வரை கூடை எடுத்துப் போவார்கள் என்று கேட்டு, அதைத் தன் இடம் குறிக்கும் கைக்கருவியில் குறித்துக்கொண்டாள்.

"எல்லா மரத்தையும் காப்பாத்தித் தர்றேன்னு நான் சொல்ல மாட்டேன்மா," என்றாள் கிளம்பும்போது.

"அதையாவது சொன்னியே," என்றாள் பெலாஜி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தம்பி பசீல் மனைவியோடு அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். சிடோனியின் கணவன் தூவாலா நகரத்தில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, ஞாயிறுதோறும் வருவதை பசீல் வழக்கமாக்கிக்கொண்டிருந்தான். அவன் கம்பெனியின் இரண்டாம் வெட்டுக் குழுவுக்குத் தலைவன். மோட்டார் ரம்பம் பிடித்துப் பிடித்து அவன் விரல்கள் எப்போதும் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும். பீர் குப்பியைப் பிடிக்கும்போது தெரியும்.

"ரம்பக்காரங்க மத்தியில ஒரு பேச்சு ஓடுது," என்றான். "உன் கம்ப்யூட்டர் மரத்தைக் குறைக்கச் சொல்லுதாமே."

"குறைக்கச் சொல்லல. இப்படியே வெட்டுனா இல்லாமப் போயிரும்னு சொல்லுது."

"எப்ப?"

"முப்பது வருசம், அறுபது வருசம்."

"அக்கா, எனக்கு வர்ற மாசம் வீட்டுக்குத் தகரம் போடணும்." அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் மனைவி தெல்ஃபின் சிரிக்கவில்லை. குழம்பை அவன் தட்டில் ஊற்றிக்கொண்டே, "நீங்க படிச்சவங்க அண்ணி. பாத்துக் கணக்குப் போடுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒரு மத்தியானம் ஜெனரேட்டர் ஓடிய நேரத்தில் சிடோனி கணினி முன் உட்கார்ந்து அரையை அழித்து முக்கால் என்று போட்டாள். போட்டுவிட்டுத் தேநீர் வைக்கப் போனாள். திரும்பி வந்தபோது எண் வந்திருந்தது. ஐம்பத்து மூன்று.

அந்த எண்ணைப் பார்த்ததும் அவளுடைய தோள் தானாகத் தளர்ந்தது. வெறுமனே அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டால் போதும். தம்பிக்குத் தகரம், நூபிசிக்கு நாற்காலி, அவளுக்குத் தூக்கம். யவுண்டேயில் இருப்பவனுக்கும் இதைத் தோண்டிப் பார்க்க நேரம் இருக்காது. தேநீர் ஆறும்வரை அந்த எண்ணோடு உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் காட்டின் மரங்களை எண்ணிய ஆட்களோடு அவளும் நடந்தவள். நாலு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத மரங்கள் அங்கங்கே நின்றன. அவற்றுக்குக் கீழே தொடை பருமனில் நிற்க வேண்டிய இளசுகள்தான் அபூர்வம். ஒரு நாள் முழுக்க நடந்தும் விரல்விட்டு எண்ணும்படிதான் கண்டார்கள். கிழவர்கள் மட்டும் மிஞ்சிய ஊர் மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்கே நினைத்திருந்தாள். முக்கால் என்று போட்டால் அந்த இளசுகள் திரைக்குள் மளமளவென்று பெருக்கும். காட்டில் அவை தம் பாட்டுக்கு அரை அரையாகத்தான் பெருக்கும்.

மென்பொருளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அந்த வேலையை அவள்தான் செய்ய வேண்டும். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. ஒருமுறை சொன்னால் ஒவ்வொரு வருடமும் அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவளிடம் அவ்வளவு தெம்பு இல்லை. முக்காலை அழித்துவிட்டு அரையைப் போட்டாள்.

பிறகு அந்த வாரமும் அடுத்த வாரமும் வேறு வழி தேடினாள். திட்டம் போடுகிறவளின் உண்மையான வேலை அதுதான். மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில் மூன்று வழி மிஞ்சியது. மூன்றையும் எடுத்துக்கொண்டு நூபிசியின் அறைக்குப் போனாள்.

"முதல் வழி, ஒரு மீட்டர் பருமன்ல வெட்டுறதை விட்டுட்டு, இன்னும் பத்து சென்டிமீட்டர் பெருத்த மரத்தை மட்டும் வெட்டுறது. திரும்பி வர்ற மரம் பாதிக்கு மேல ஆயிரும். ஆனா நமக்கு வர்ற சப்பெல்லி குறையும். ஒரு வெட்டுக் குழுவுக்கு வேலை இருக்காது."

"ரெண்டாவது?"

"அதே கூட்டுன பருமன்தான். குறையுற சப்பெல்லிக்குப் பதிலா ஒக்கான் மரம் வெட்டுறது. காடு பூரா நிக்குது, யாரும் தொடுறதில்ல. ஆளை நிறுத்த வேணாம்."

"ஒக்கான் இரும்பு மாதிரி இருக்கும் மேடம். நம்ம மில்லு ரம்பம் ஒரே வாரத்துல பல்லு போயிரும். புது ரம்பம் வாங்கணும், வாங்குறவனையும் தேடணும்."

"ஒருதடவை வாங்குனா போதும் சார். அதுக்கும் கணக்கு வச்சிருக்கேன், பின்னாடி பக்கத்துல."

அவர் பின்பக்கத்தைப் புரட்டவில்லை. "மூணாவது?"

"மூணாவது, ரெண்டு குழுவையும் வச்சுக்கிட்டு ரெண்டுக்கும் பாதி வருசம் மட்டும் வேலை குடுக்கிறது."

"ரெண்டு குழுவும் சேந்து என்னைக் கொளுத்திருவாங்க." நூபிசி நெற்றியைத் தேய்த்தார். "முக்கால் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஐம்பத்து மூணு வந்துச்சு."

"அப்புறம்?"

"அழிச்சிட்டேன். அதுல என் கையெழுத்து வராது. வேணும்னா யவுண்டேயில ஆள் புடிங்க. போடுவாங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவர் நாற்காலியில் சாய்ந்து, "எனக்கும் அலுத்துப்போச்சு," என்றார். "சீமையில வாங்குறவனும் இப்பச் சான்றிதழ் கேக்குறான். ஏமாத்துனது தெரிஞ்சா கப்பலையே திருப்பி அனுப்புவான். முதல் வழியே இருக்கட்டும்."

"சார், ரெண்டாவது வழி..."

"புது ரம்பத்துக்கு மேல இருக்கிறவங்க ஒத்துக்க மாட்டாங்க. நான் கேக்கவும் போறதில்ல."

அடுத்த இரண்டு நாளும் அவள் அதையே போய்க் கேட்டாள். அவர் கதவைச் சாத்தவில்லை. ஒத்துக்கொள்ளவும் இல்லை. மூன்றாம் தடவை கேட்டுவிட்டு, மசெம்பே ஓடையை ஒட்டிய பட்டையைக் காட்டினாள். அதை வெட்டாத பகுதியாக ஒதுக்கினால் மொத்தக் கணக்கில் பெரிதாக ஒன்றும் குறையாது என்றாள். அவளை அனுப்பினால் போதும் என்றிருந்தவர் அதில் மட்டும் உடனே கையெழுத்துப் போட்டார்.

அமைச்சகம் இந்தத் தடவை திட்டத்தை ஏற்றுக்கொண்டது. முத்திரை குத்திய பிரதி வந்த அன்று அலுவலகத்தில் பீர் வாங்கிக் கொடுத்தார்கள். அதே மாதக் கடைசியில் இரண்டாம் வெட்டுக் குழு நிறுத்தப்பட்டது. ஆட்களைக் கூட்டி நிறுத்தி, 'கம்ப்யூட்டர் கணக்குப்படி' என்று மில் மேலாளர் அறிவித்தார். புது ரம்பத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

பசீல் அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தான். உள்ளே வரவில்லை.

"உன் கம்ப்யூட்டர் என்னை வெட்டிருச்சு," என்றான். "மரத்துக்காவது இவ்வளவு பருமன்னு ஒரு அளவு இருக்கு. எனக்கு என்ன அளவு பாத்துச்சு?"

அவனிடம் சொல்ல ஆயிரம் இருந்தது. மூன்று வழி, ஒக்கான், பின்பக்கத்துக் கணக்கு. தொடங்கினால் முடிக்க முடியுமா என்று தோன்றியது. "உள்ள வந்து உக்காரு," என்றாள். அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை.

மசெம்பேக்குத் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்று சிடோனி போனாள். ஓடைக்கரைப் பட்டையை விட்டுவிடுவார்கள், அதற்கு அப்பால் நிற்பதில் மிகப் பெரிய மரங்களை வெட்டுவார்கள், ரோடும் வரும் என்று சொன்னாள். எஸ்தெல் குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். பெலாஜி கேட்டாள்.

"அப்ப பாதிதானா?"

"பாதிதான்மா. பாதிகூட இல்ல. கொஞ்சம் கம்மி."

பெலாஜி தலையாட்டிக்கொண்டாள். வீட்டுத் திண்ணையில் ஒரு இளைஞன் சும்மா உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான். அவனை முகவாயால் காட்டினாள்.

"என் மருமகன். உன் தம்பி குழுவுல இருந்தவன். மரத்தையும் காப்பாத்திக் குடுத்த, மருமகனையும் முழுசா வீட்டுக்கு அனுப்பி வச்ச. ரெண்டுக்கும் நன்றி."

பெலாஜி சிடோனியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன்டி. உக்காரு. நிக்கிறதப் பாத்தா விழுந்துருவ போல இருக்கு," என்றாள்.

சிடோனி இரண்டு வாரம் லீவு கேட்டாள். நூபிசி ஒரு வாரம் கொடுத்தார். லீவு முடிந்ததும் கம்பெனியின் அடுத்த காட்டுக்குத் திட்டம் தொடங்க வேண்டும். முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். மறுநாள் பசீல் வீட்டுக்கு நடந்தாள்.

அவன் பின்புறத்தில் நிழல்பந்தல் போட்டு, கறுப்புப் பைகளில் மண் நிரப்பி கோகோ நாற்று வைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துவிட்டு மறுபடி பைகளின் பக்கம் குனிந்தான். அவளும் அருகில் உட்கார்ந்து ஒரு பையை எடுத்து மண் நிரப்பத் தொடங்கினாள். பத்துப் பதினைந்து பைகள் நிரம்பின.

"மில்லுல ஒருத்தன் சொன்னான்," என்றான் பசீல், குனிந்த தலையோடே. "ஒக்கான் வெட்டியிருந்தா எங்களை நிறுத்தியிருக்க வேணாமாமே."

"ஆமா."

"அதை நீ சொன்னியா அவர்கிட்ட?"

"மூணு தடவை."

அவன் கையில் இருந்த நாற்றின் வேரைச் சுற்றி மண்ணை அழுத்தினான். விரல்களின் நடுக்கம் முன்பைவிடக் குறைந்திருந்தது.

"பின்ன ஏன் அன்னிக்கு வாயைத் திறக்கல? நான் பாட்டுக்குத் திட்டிட்டுப் போறேன், நீ உள்ள வா உக்காருங்கிற."

"சொல்ல முடியலடா. அலுப்பா இருந்துச்சு."

"எனக்கும் உன்னைத் திட்டணும்னு எண்ணமில்ல. வேற யாரு என் கைக்கு எட்டுறாங்க? நூபிசியா?"

"தெரியும்," என்றாள் சிடோனி.

அவள் நிரப்பிய பையை அவன் வாங்கிப் பார்த்தான். மண்ணை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டாள் என்று சொல்லி, பாதியைக் கொட்டி மறுபடி தளர்வாக நிரப்பினான். தெல்ஃபின் உள்ளே எண்ணெய் காய வைக்கும் வாசம் வந்தது. சிடோனி பந்தல் காலில் தலையைச் சாய்த்தாள்.

"இங்க தூங்காத, எறும்பு ஏறும்," என்றான் பசீல். "உள்ள போயிக் கட்டில்ல படு. சாப்பாடு ஆனா எழுப்புறேன்."

அவள் எழுந்து உள்ளே போனாள்.